நனையாத இருக்கை

நுழையும்முன்

நீரில் ஆடி மகிழ்வது மனிதரின் பழைய விருப்பம். நனையாமல் காத்துக்கொள்வதும் அதே அளவு பழைய கவலை. கேளிக்கைப் பூங்காவின் நீர்ச்சவாரியை முன்வைத்து, இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வரலாற்றையும் அறிவியலையும் ஒரு மாணவியின் முடிவோடு இணைத்துப் பேசுகிறது இக்கட்டுரை.

மழையில் நனைந்து வீடு திரும்பும் பிள்ளையைக் கடிந்துகொண்டே தலை துவட்டிவிடும் தாய், ஆடிப்பெருக்கு நாளில் அதே பிள்ளையை ஆற்றில் இறக்கித் தன் கையாலேயே நீரை வார்க்கிறாள். வையையில் புதுவெள்ளம் வந்த செய்தி கேட்டு மதுரை மக்கள் திரண்டு சென்று புனலாடிய காட்சிகளைப் பரிபாடல் விரிவாகப் பாடுகிறது. நாமே விரும்பி நனைந்தால் அது விளையாட்டு. விரும்பாதபோது நனைந்தால் அது துன்பம். நீர் ஒன்றுதான், நம் இசைவு இருந்ததா, இல்லையா என்பதே வேறுபாடு.

இந்த வேறுபாட்டைக் கேளிக்கைப் பூங்காக்களின் நீர்ச்சவாரிகளில் மிகத் தெளிவாகக் காணலாம். கட்டணம் செலுத்தி, வெயிலில் நெடுநேரம் வரிசையில் நின்று, படகின் அருகே வந்ததும் மக்கள் கேட்கும் முதற்கேள்வி, “எங்கே உட்கார்ந்தால் நனையாமல் வரலாம்?” என்பதுதான். முப்பது ஆண்டுக்காலப் பணியில் மாணவியரோடு நான் சென்ற சுற்றுலாக்கள் பல. இக்கேள்வி எழாத சுற்றுலா ஒன்றுகூட இல்லை. நனைவதற்கென்றே அமைத்த ஒன்றில் ஏறிக்கொண்டு நனையாமல் வர வழி கேட்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அக்கேள்விக்குள் வரலாறும் இயற்பியலும் அடங்கியிருக்கின்றன. சிலருக்கு அதற்குமேலும் ஒன்று அடங்கியிருக்கிறது.

மரம் மிதந்த வாய்க்கால்

நீர்ச்சவாரியின் மூதாதை ஒரு தொழிற்கருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மலைக்காடுகளில் வெட்டிய மரங்களைச் சமவெளிக்குக் கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. எனவே பலகைகளை இணைத்து, மலைச்சரிவுகளின்மீது நீண்ட வாய்க்கால்களை அமைத்தனர். ஓடும் நீரே மரத்தைச் சுமந்து சென்றது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலிருந்து சாங்கர் என்னும் ஊர்வரை 1890இல் அமைந்த அத்தகைய வாய்க்கால் ஒன்றின் நீளம் 54 மைல். அதாவது ஏறத்தாழ 87 கிலோமீட்டர்.

மரம் செல்லும் வழியில் மனிதனும் சென்று பார்க்கும் ஆசை விரைவிலேயே பிறந்தது. 1875இல் நெவாடா மாநிலத்தில், சுரங்கச் செல்வர்களான ஜேம்ஸ் ஃபிளட், ஜேம்ஸ் ஃபேர் ஆகிய இருவரும், ‘நியூயார்க் டிரிபியூன்’ இதழின் செய்தியாளர் ஒருவரும், தொட்டி போன்ற எளிய படகுகளில் ஏறி 15 மைல் நீள வாய்க்காலைச் சுமார் 35 நிமிடங்களில் கடந்தனர். நன்றாக நனைந்து, உடலெங்கும் அடிபட்டு, உயிர் பிழைத்ததே போதும் என்னும் நிலையில் அவர்கள் கீழே வந்து சேர்ந்தனர்.

இந்த அச்சத்தைப் பாதுகாப்பான இன்பமாக மாற்றிய முயற்சிகள் பின்னர்த் தொடர்ந்தன. சரிவான பாதையில் படகை இறக்கி நீர்நிலையில் பாயவிடும் விளையாட்டு 1884இல் இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் தொடங்கியது. 1895இல் பால் பாய்ட்டன் என்பவர் நியூயார்க்கின் கோனி தீவில் திறந்த பூங்காவில் அது பெரும்புகழ் பெற்றது. மரவாய்க்காலையே நினைவூட்டும்படி, குடைந்த மரத்துண்டின் வடிவில் அமைந்த படகுச்சவாரி 1963இல் டெக்சாஸ் மாநிலத்தின் ‘சிக்ஸ் ஃபிளாக்ஸ்’ பூங்காவில் அறிமுகமானது. வட்டவடிவ மிதவை சுழன்று சுழன்று செல்லும் காட்டாற்றுச் சவாரி, 1980இல் ஹூஸ்டன் நகரின் ‘ஆஸ்ட்ரோவேர்ல்டு’ பூங்காவில் வந்தது. இன்று நம் நாட்டுப் பூங்காக்களில் காணும் நீர்ச்சவாரிகளும் இம்மரபின் வழிவந்தவையே.

நீர் ஏன் எழுகிறது?

உயரத்தில் நிற்கும் படகு நிலையாற்றலைக் கொண்டிருக்கிறது. சரிவில் இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. உராய்வை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால், 16 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் படகு அடிவாரத்தை அடையும்போது நொடிக்கு ஏறத்தாழ 17.7 மீட்டர் வேகம் பெறும். இது மணிக்கு 64 கிலோமீட்டர். படகும் பயணிகளும் சேர்ந்து ஒரு டன் எடை எனக் கொண்டால், அந்நேரத்தில் படகிடம் உள்ள ஆற்றல் ஏறத்தாழ 1,57,000 ஜூல். இவ்வளவு ஆற்றலையும் சில நொடிகளில் யாரேனும் வாங்கிக்கொண்டாக வேண்டும். வாங்கிக்கொள்வது கீழே தேங்கியிருக்கும் நீர். படகின் முகப்பு நீரைப் பிளக்கிறது. விலகிய நீர் மேலெழுந்து சுவராக நிற்கிறது. படகின் வேகம் தணிகிறது. நாம் கூச்சலிட்டு வரவேற்கும் அந்த நீர்ச்சிதறல் உண்மையில் படகின் தடுப்புக் கருவி.

படகின் எடை கூடினால் அது ஆழமாக அமிழ்கிறது. விலகும் நீரின் அளவும் கூடுகிறது. எடை மிகுந்தவர்கள் முன்னே அமர்ந்தால் முகப்பு தாழ்ந்து நீர் உள்ளே வர வாய்ப்பு மிகும். முன்னிருக்கையில் இருப்பவர் பின்னால் இருப்பவருக்கு ஓரளவு மறைப்பாகிறார். எனினும், உயர்ந்தெழுந்த நீர் திரும்ப விழும்போது படகு நகர்ந்துவிடுவதால், அது பின்னிருக்கைகளைத் தேடி வருவதும் உண்டு. சுழலும் வட்ட மிதவையிலோ எந்த இருக்கை எப்போது அருவிக்கு நேராகும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

நனையாமை குறித்த மனிதனின் தேடலும் நெடியது. நம் உழவர்கள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டு நாற்று நட்டனர்; பனையோலையைக் குடையாக்கினர். 1823இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மெக்கின்டாஷ், இரு துணிகளுக்கிடையே கரைத்த ரப்பரைப் பூசி மழையங்கிக்கு உரிமம் பெற்றார். தாமரை இலைத் தண்ணீர் என்று நாம் பழகிய உவமைக்கும் அறிவியல் விளக்கம் கிடைத்திருக்கிறது. இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும் நீர்த்துளியை ஒட்டவிடாமல் உருட்டிவிடுகின்றன என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் விளக்கிக் காட்டினார். நாம் அணியும் பருத்தி ஆடை இதற்கு நேர்மாறானது. அது நீரை உறிஞ்சித் தேக்கிவைக்கிறது. அந்நீர் ஒவ்வொரு கிராமும் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் தேவை. அதில் பெரும்பங்கை நம் உடல் தருகிறது. நனைந்த சீருடையோடு பேருந்தின் சன்னலோரம் அமர்ந்த பிள்ளைகள் நடுங்குவது இதனால்தான்.

பன்னிரண்டு படகுகள்

சில ஆண்டுகளுக்கு முன், பதினொன்றாம் வகுப்பு மாணவியர் நாற்பது பேரோடு சென்னைக்கு அருகிலுள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்குச் சென்றிருந்தோம். படகுச்சவாரியைக் கண்டதும் பிள்ளைகள் வரிசையை நோக்கி ஓடினர். ஒருத்தி மட்டும் பார்வையாளர் நிற்கும் கைப்பிடிச் சுவரருகே நின்றுவிட்டாள். கையில் சிறு குறிப்பேடு இருந்தது.

“நீ போகவில்லையா, அம்மா?” என்றேன்.

“பார்த்துக்கொண்டிருக்கிறேன், அம்மா. பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்றாள்.

அம்மாணவி செவித்திறன் குறையுடையவள். இரு காதுகளிலும் காதொலிக் கருவி அணிந்திருந்தாள். ஈரம் பட்டால் அக்கருவியின் ஒலிவாங்கித் துளைகள் அடைபடும். மின்கல முனைகள் அரித்துப்போகும். அதனால்தான் ஒவ்வோர் இரவும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதி இட்ட சிறு பெட்டியில் அதனை வைத்துவிட்டு உறங்குவாள். அவளுடைய தாய் கூலி வேலைக்குச் செல்பவர். வேலையையும் கூலியையும் விட்டுப் பலமுறை அலைந்து அக்கருவியைப் பெற்றுத் தந்தவர். சுற்றுலாவுக்கு அனுப்பும்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்றே: “தண்ணி மட்டும் படாம பாத்துக்கங்க, டீச்சர்.”

குறிப்பேட்டில் ஒருவர் பின் ஒருவராக அமரும் ஆறு இருக்கைகளைக் கட்டங்களாக வரைந்திருந்தாள். இறங்கிவந்த ஒவ்வொரு படகிலும் யார் எவ்வளவு நனைந்தார் என்று குறித்துக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு படகுகள் சென்றபின் குறிப்பேட்டை எங்களிடம் நீட்டினாள். முதல் இருக்கை ஒவ்வொரு முறையும் முழுவதும் நனைந்திருந்தது. ஆள் நிறைந்த படகுகளில் கடைசி இரண்டு இருக்கைகளும் தப்பவில்லை. குறைவாக நனைந்தது நான்காம் இருக்கை.

“அப்படியானால் நான்காம் இருக்கையில் உட்காரலாமே?” என்றார் உடன்வந்த இயற்பியல் ஆசிரியை.

“பன்னிரண்டில் இரண்டு முறை அதுவும் நனைந்துவிட்டது, அம்மா. ஆறில் ஒரு பங்கு. எனக்கு அது பெரிய பங்கு” என்றாள்.

மழையங்கி வாங்கி அணிந்தால் என்ன என்று தோழி ஒருத்தி கேட்டாள். சரிவில் எதிர்க்காற்று தலைமூடியை விலக்கிவிடுவதை அவள் ஏற்கெனவே கண்டு குறித்திருந்தாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. போகவேண்டாம் என்று சொல்வது எனக்கு மிக எளிது. தாய்க்குக் கொடுத்த வாக்கும் காப்பாற்றப்படும். ஆனால் அந்தச் சொல்லை அவள் வாழ்நாளில் எத்தனை முறை கேட்டிருப்பாள் என்று எண்ணிப் பார்த்தேன். நான் அதைச் சொல்லவில்லை.

அவளே பேசினாள். “கருவியைக் கழற்றிவிட்டுப் போகலாம், அம்மா. ஆனால் கழற்றினால் அவர்கள் சொல்வது எதுவும் எனக்குக் கேட்காது.”

சிக்கல் இப்போது தெளிவாகிவிட்டது. தெளிவான சிக்கலுக்கு வழி காணலாம். சவாரியை இயக்கும் இளைஞரிடம் சென்று செய்தியைச் சொன்னோம். அவர் அவளுக்கு எதிரே நின்று, உதடுகள் தெரியும்படி நிதானமாகப் பாதுகாப்பு விதிகளைச் சொல்லிக் காட்டினார். கம்பியை எப்போது பற்ற வேண்டும், படகு நிற்கும்வரை ஏன் எழக்கூடாது என்று கைகளால் விளக்கினார். தோழி அவளுக்குப் பின்னே அமர ஒப்புக்கொண்டாள். தோளில் ஒருமுறை தட்டினால் ‘எல்லாம் சரி’. இருமுறை தட்டினால் ‘கம்பியை இறுகப் பிடி’. இவ்வாறு அவர்களுக்குள் ஒரு மொழி பிறந்தது.

அவள் கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடி, என் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு, தான் அரும்பாடுபட்டுக் கண்டறிந்த நான்காம் இருக்கையைத் தாண்டிச் சென்று முதல் இருக்கையில் அமர்ந்தாள். காக்க வேண்டியது கரையில் இருந்தது. இனி அவளுக்கு இருக்கைக் கணக்கு தேவைப்படவில்லை.

படகு உச்சியை அடைந்து, ஒரு கணம் நின்று, பாய்ந்து இறங்கியது. நீர்ச்சுவர் எழுந்து அவளை முற்றிலும் மறைத்தது. என் கையிலிருந்த பெட்டி மிகச் சிறியது. அச்சில நிமிடங்களில் அதைவிடக் கவனமாக நான் எதையும் பிடித்திருந்ததாக நினைவில்லை.

கரையேறியதும் அவள் கருவியைக் கேட்கவில்லை. தலையையும் காதுகளையும் துவட்டி, வெயிலில் நின்று நன்றாக உலர்த்தியபின்பே பெட்டியைத் திறந்தாள். அணிந்துகொண்டு சொன்னாள்: “படகு விழுந்த சத்தம் கம்பியைப் பிடித்த கை வழியாக வந்தது, அம்மா. எல்லாருக்கும் அப்படித்தான் வருமா?”

எனக்கு விடை தெரியவில்லை. அச்சத்தத்தைக் கைவழியே கேட்கும் அளவுக்கு நாங்கள் யாரும் அமைதியாக இருந்ததில்லை.

எதை நனையவிடக் கூடாது?

எங்கே உட்கார்ந்தால் நனையாமல் வரலாம் என்னும் கேள்விக்கு அம்மாணவியின் குறிப்பேடு தந்த விடை, அப்படி ஓர் இருக்கை இல்லை என்பதே. முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதை நனையவிடக் கூடாது என்பது. ஆடை நனைந்தால் உலரும். தலை நனைந்தால் துவட்டலாம். மருந்தும் காதொலிக் கருவியும் அப்படியல்ல. காக்க வேண்டியதைத் தனியே பிரித்துவிட்டால், மற்றவற்றை அச்சமின்றி நீருக்குக் கொடுக்கலாம். பிரித்தறியாதபோதுதான், ஒன்றைக் காப்பதற்காக வாழ்வின் மகிழ்ச்சி முழுவதையும் கரையிலேயே நிறுத்திவிடுகிறோம். குறையுடைய பிள்ளைகள் செய்தியில் பெரியவர்கள் அன்பின் பெயரால் பெரும்பாலும் செய்வது இதுவே.

அதன்பின் எங்கள் பள்ளிச் சுற்றுலாக்களில் இறுக மூடும் சம்புடம் ஒன்று தவறாமல் உடன்வருகிறது. ஆஸ்துமா மருந்து, மூக்குக்கண்ணாடி, காதொலிக் கருவி, ஊருக்குத் திரும்பும் பயணச்சீட்டு என நனையக்கூடாத அனைத்தும் அதற்குள் செல்லும். மாற்றுடை ஒன்று ஒவ்வொரு பையிலும் இருக்கும். நீர்ச்சவாரியை வெயில் தணியும் மாலைக்கு ஒதுக்காமல், உடை உலர நேரமிருக்கும் நண்பகலுக்கு முன்பே முடித்துவிடுவோம். சம்புடத்தைக் காக்கும் பொறுப்பை ஆசிரியர் ஒருவர் முறைவைத்து ஏற்பார்.

அச்சுற்றுலாக்களில் நனையாத இருக்கை ஒன்று உண்டு என்றால், அது மடியில் சம்புடத்தோடு கரையில் காத்திருக்கும் அந்த ஆசிரியரின் மரப்பலகைதான். அதில் பலமுறை அமர்ந்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் படகின் எல்லா இருக்கைகளும் தெரியும்.