மூச்சு முட்டுறதெல்லாம் ஆஸ்துமா இல்ல

மருதமுனையில மூச்சு முட்டுதெண்டா தறிப் பஞ்சுலதான் பழி விழும். எங்கட சாச்சிக்கும் அப்படித்தான். பம்ப் அடிச்சும் குறையல்ல. முந்தி கால்ல இரத்தம் கட்டினதா எண்டு ஆரும் கேட்கல்ல.

நுரையீரலுக்குப் போன கட்டி கரையாமல் தழும்பாகி இரத்தக்குழாயை அடைச்சா, வலப்பக்க இதயம் வீங்கும். டொக்டர்மார் இதை ‘சீடெஃப்’ எண்டுவாங்க. இரத்தம் உறையாம இருக்க 3 மாதம் மருந்து எடுத்தும் மூச்சு வாங்கினா, எக்கோவோட நிற்காமல் வி/கியூ ஸ்கேன் பற்றிக் கேட்கவேணும். பிறகு இதயத்துக்குள்ள குழாய் விட்டு அழுத்தம் அளப்பாங்க.

உடம்பை 20 பாகை செல்சியஸ் வரை குளிராக்கி, இரத்த ஓட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, தழும்பை உரிச்செடுக்கிற சத்திரசிகிச்சை இருக்கு. அது ஏலாதவங்களுக்கு பலூன் சிகிச்சை, ரியோசிகுவாட் மாத்திரை.

நுரையீரல் உயரழுத்தத்தில சத்திரசிகிச்சையால குணமாக்கக்கூடிய வகை இது. சாச்சி இப்ப வார்ஃபரினோட ஸ்கேன் திகதிக்குக் காத்திருக்கா. பஞ்சைக் குறை சொல்ல முதல், கால் வீங்கின கதையையும் கேட்பம்.