ஆதாமின் கொப்பூழ்

ஆங்கில நாட்டின் வடபகுதியில் கேட்ஸ்ஹெட் என்னும் ஊரில் 1890 ஆம் ஆண்டில் பிறந்த ஆர்தர் ஹோம்ஸ், சிறுவனாயிருந்த காலத்தில் பெற்றோருடைய விவிலியத்தைத் திறந்தபொழுதெல்லாம் ஓர் எண்ணில் கண்ணூன்றி நிற்பாராம். ஆதியாகமத்தின் முதற்பக்க ஓரத்தில் அச்சிடப்பட்டிருந்த கி.மு. 4004 என்பதே அந்த எண். உலகம் படைக்கப்பட்ட ஆண்டு அஃது என்பது பெரியவர்கள் தந்த விளக்கம். சிறுவனுக்கு எழுந்த ஐயமோ வேறு. முழுமையாய் 4000 என்று நில்லாமல், கடைசியில் அந்த நான்கு ஏன் ஒட்டிக்கொண்டிருக்கிறது?

நல்ல கேள்விதான். விடையும் உண்டு. அந்த எண்ணை வகுத்தவர் அயர்லாந்து நாட்டு அர்மா நகரின் பேராயர் ஜேம்ஸ் அஷ்ஷர். 1650 ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் அவர் வெளியிட்ட பெருநூலில், கி.மு. 4004 அக்டோபர் 23 ஆம் நாளுக்கு முந்திய இரவில் காலம் தொடங்கிற்று என எழுதினார். இக்காலத்தார் அவரை எள்ளி நகையாடுவது வழக்கமாகிவிட்டது. படைப்பு காலை ஒன்பது மணிக்கு நிகழ்ந்ததாக அவர் சொன்னார் என்றுகூட ஒரு கதை உலவுகிறது. அஃது அவர் சொன்னதன்று. நகைப்போருள் எத்துணைப் பேர் அந்நூலின் ஓர் ஏட்டையேனும் புரட்டியிருப்பர் என்பது ஐயமே. விவிலிய முன்னோரின் வயதுகளை வெறுமனே கூட்டிச் சொன்னவரல்லர் அவர். பாபிலோனிய மன்னன் நேபுகாத்நேச்சார் இறந்த ஆண்டைப் புற வரலாறுகளால் உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து பின்னோக்கி நடந்தார். ஏரோது மன்னன் கி.மு. 4 இல் இறந்தான் என்பது அறிஞர் முடிபு. இயேசு பிறந்ததோ அவன் உயிரோடிருந்த காலத்தில். ஆகவே அப்பிறப்புக்குச் சரியாக 4000 ஆண்டுகளுக்கு முன்னே படைப்பு. அந்த நான்கு வந்த வழி இதுவே. அவர் காலத்து அறிவு நிலையில் இது பிழையான முயற்சியும் அன்று. கெப்ளரும் நியூட்டனும் கணக்கிட்டுக் கண்ட எண்களும் இதற்கு அருகிலேயே நின்றன.

பிழை பின்னால் நேர்ந்தது. 1701 ஆம் ஆண்டுமுதல் ஆங்கில விவிலியப் படிகளின் ஓரத்தில் அந்த ஆண்டுக்கணக்கு அச்சேறியது. ஓரத்தில் நின்றது நாளடைவில் மூலத்தோடு மூலமாய் மக்கள் மனத்தில் கலந்துவிட்டது. உரையாசிரியன் கருத்தை மூல நூலாசிரியன் கூற்றாகக் கொள்ளும் மயக்கம் எம்மொழியிலும் உள்ளதே. கீழைத் திருச்சபையார், கிரேக்க மொழிபெயர்ப்பில் முன்னோரின் வயதுகள் கூடுதலாய் இருப்பதைக் கொண்டு, கி.மு. 5509 என்று வேறோர் ஆண்டை வழங்கினர். யூதர் வழக்கிலுள்ள ஆண்டுக்கணக்கு கி.மு. 3761 இல் தொடங்குகிறது. ஒரே திருமறையிலிருந்து கிளைத்த கணக்குகளே இத்தனை.

அஷ்ஷருக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஆப்பிரிக்க நாட்டு ஆயர் அகஸ்டின், ஆதியாகமத்தின் ஆறு நாள்களும் ஞாயிறு எழுந்து மறையும் நாள்கள்தாமா என வினவினார். இறைவன் யாவற்றையும் ஒருங்கே படைத்தான். நாள்கள் என்பன நம் அறிவுக்காக வகுத்துரைக்கப்பட்டவை என்பது அவர் துணிபு. மண்ணையும் விண்ணையும் பற்றிப் பிற சமயத்தார் தெளிவாய் அறிந்தவற்றில் கிறித்தவர் அறியாமல் பேசி நகைப்புக்கு இடமாவதை அவர் வன்மையாகக் கண்டித்ததும் உண்டு. ஆயினும் மனித குலம் தோன்றி ஆறாயிரம் ஆண்டு ஆகவில்லை என்றே அவரும் நம்பினார். இதனை மறைத்துவிட்டு அவரை இக்கால அறிவியலார் போலக் காட்டுவது நேர்மையாகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல் பேசத் தொடங்கிற்று. அதைக் கேட்டவர்களும் பெரும்பாலும் பக்தர்களே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நிலவியல் கற்பித்த ஆடம் செட்ஜ்விக் குருப்பட்டம் பெற்றவர். எங்கும் சிதறிக் கிடக்கும் சரளைக் கற்கள் நோவா காலத்துப் பெருவெள்ளம் விட்டுச் சென்றவை என்று தாம் முன்னர்க் கூறியது தவறு என 1831 இல் அறிஞர் அவையில் எழுந்து நின்று ஒப்புக்கொண்டார். சொன்ன சொல்லை அவையில் திரும்பப் பெறும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

ஸ்காத்லாந்தின் சமயப் பேச்சாளர் தாமஸ் சால்மர்ஸ் ஒரு வழி காட்டினார். தொடக்கத்தில் இறைவன் விண்ணையும் மண்ணையும் படைத்தான் என்பதற்கும், அதன்பின் கூறப்படும் ஆறு நாள் பணிக்கும் இடையே எண்ணற்ற ஊழிகள் கழிந்திருக்கலாம். அந்த இடைவெளிக்குள் நிலவியலார் வேண்டுமளவு ஆண்டுகளை வைத்துக்கொள்ளட்டும், திருமறைக்கு ஊறில்லை. பலருக்கு இது பெரும் ஆறுதலாயிற்று.

அந்த ஆறுதலைப் பெற்றவருள் ஒருவர் ஹியூ மில்லர். 1802 இல் குரோமார்ட்டி என்னும் ஸ்காத்லாந்துக் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். கப்பல் தலைவரான தந்தையை அவருடைய ஐந்தாம் வயதில் கடல் கொண்டது. பதினேழாம் வயதில் உளியும் சுத்தியும் ஏந்திக் கல்தச்சரானார். கற்குழியில் செந்நிற மணற்கல்லைப் பிளக்கும்பொழுது, அதனுள் கவசம் பூண்டாற்போன்ற விந்தை மீன்களின் உருவம் கிடக்கக் கண்டார். பல்கலைக்கழகத்தின் வாயிற்படி மிதியாத அம்மனிதர் அம்மீன்களை ஆராய்ந்து 1841 இல் எழுதிய 'பழஞ்செம்மணற்கல்' என்னும் நூல் அறிஞருலகை வியக்க வைத்தது. மீனியல் அறிஞர் அகாசி அவற்றுள் ஒன்றுக்கு மில்லர் பெயரையே சூட்டினார். கல்தச்சர் எடின்பரோவில் செய்தித்தாள் ஆசிரியருமானார். 1843 இல் ஸ்காத்லாந்துத் திருச்சபை பிளவுண்டு சுதந்திரத் திருச்சபை தோன்றியபொழுது, அதன் தரப்பை நாடெங்கும் எடுத்துரைத்தது அவர் பேனாவே.

இத்தகைய பற்றாளர், சால்மர்ஸ் காட்டிய வழியைப் பின்னர்க் கைவிட்டார். யாரும் வற்புறுத்தி அன்று, கற்களே வற்புறுத்தின. பழைய உலகம் முற்றும் அழிந்து, இருள் சூழ்ந்து, பின்னர் ஆறு நாளில் புத்துலகம் தோன்றியதாயின், இரண்டுக்கும் இடையே உயிரற்ற ஒரு வெறுமை இருத்தல் வேண்டும். ஆனால் இன்றும் பிரிட்டனில் வாழும் விலங்கினங்கள் சிலவும் கடற்சிப்பி இனங்கள் பலவும், மாண்டொழிந்த பேருருவ விலங்குகளோடு ஒரே படிவில் கிடந்தன. இழை எங்கும் அறவில்லை. ஆகவே ஆதியாகமத்து நாள் ஒவ்வொன்றும் ஒரு நெடிய ஊழி. மோசேக்குத் தொடர்காட்சியாய் இறைவன் காட்டியவை அவை என்ற முடிவுக்கு வந்தார். நோவாவின் வெள்ளமும் உலகம் முழுவதையும் மூடியதன்று, ஒரு நிலப்பகுதியை மூடியதே என்றார். இக்கருத்துகளைத் திரட்டிய அவருடைய நூல் அச்சுக்கு ஆயத்தமாகி நின்ற வேளையில், 1856 திசம்பர் 23 ஆம் நாள் இரவில், நோயுற்ற மூளையின் கொடிய தோற்றங்களுக்கு ஆற்றாது தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். கற்குழித் தூசு நுரையீரலையும் முன்னரே அரித்திருந்தது. அறிவியலுக்கும் சமயத்துக்கும் இடையே சிக்கி மனமுடைந்தார் என்று சிலர் எழுதினர். அவ்விரண்டும் தம்முள் முரண்பட்டனவாக அவர் கருதியதே இல்லை. இறந்தவர் மறுத்துரைக்க மாட்டார் என்பதால் எழுதப்பட்ட கதை அது.

அந்த நூல் வெளிவந்த 1857 ஆம் ஆண்டிலேயே வேறொரு பக்தர் எழுதிய வேறொரு நூலும் வெளிவந்தது. பிலிப் ஹென்றி கோஸ் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தவர். கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி உயிரினங்களை வளர்த்துப் பார்க்கும் ஆசையை ஆங்கில இல்லங்கள்தோறும் பரப்பியவர் அவரே. பிளிமத் சகோதரர் சபையைச் சேர்ந்த அவருக்குத் திருமறையின் ஒவ்வொரு சொல்லும் எழுத்துக்கு எழுத்து உண்மை. அவ்வாண்டின் பிப்பிரவரித் திங்களில் அவருடைய மனைவி எமிலி மார்பகப் புற்றுநோயால் மாண்டார். எட்டு வயது நிரம்பாத ஒரே மகன் எட்மண்டுடன் தனித்து நின்ற அந்தத் துயர ஆண்டிலேதான் அவர் 'ஓம்பலோஸ்' என்னும் நூலை எழுதி முடித்தார். கொப்பூழ் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

தாய் வயிற்றில் பிறவாத ஆதாமுக்குக் கொப்பூழ் இருந்ததா? இருந்தது என்றார் கோஸ். முழு வளர்ச்சியுற்ற மனிதனாய்ப் படைக்கப்பட்டவனுக்கு, நிகழாத பிறப்பின் தழும்பும் உடன் இருந்தேயாக வேண்டும். ஏதேன் தோட்டத்து மரத்தை அன்றே வெட்டியிருந்தாலும் உள்ளே ஆண்டு வளையங்கள் இருந்திருக்கும். முதல் நீர்யானையின் பற்கள், மெல்லாத உணவால் தேய்ந்தே இருந்திருக்கும். அதுபோலவே பாறைகளும், அவற்றுள் கிடக்கும் மீன்களும் எலும்புகளும், நடந்திராத நெடுங்காலத்தின் தடயங்களோடு ஒரே நொடியில் படைக்கப்பட்டன. நிலவியலார் தம் ஆய்வை எள்ளளவும் மாற்ற வேண்டியதில்லை. அவர்கள் காண்பது இறைவன் எண்ணத்தில் இருந்த கடந்தகாலம் என்று மட்டும் கொண்டால் போதும்.

இந்தத் தருக்கத்தில் ஓட்டை எதுவும் இல்லை. அதுவே அதன் குறை. நேற்று மாலைதான் உலகம் நம் நினைவுகளோடும் நரைத்த தலைகளோடும் படைக்கப்பட்டது என ஒருவன் சொன்னால், அவனையும் இதே முறையில் மறுக்க இயலாது.

விசுவாசிகளும் அறிவியலாரும் ஒருங்கே தம்மை வாழ்த்துவர் என எதிர்பார்த்தார் கோஸ். இரு சாராரும் நகைத்து ஒதுக்கினர். விலைபோகாத படிகள் பல காகிதக் கூழாயின. அவரை மிகவும் புண்படுத்தியது நண்பர் சார்ல்ஸ் கிங்ஸ்லியின் மடல். ஆங்கிலத் திருச்சபைக் குருவானவர். கோஸுடன் கடற்கரைப் பாறைகளில் சிப்பி தேடித் திரிந்தவர். இறைவன் பாறைகளின்மேல் தேவையற்ற மாபெரும் பொய்யொன்றை எழுதி வைத்தான் என்று நம்பத் தம்மால் இயலாது என்ற கருத்தில் அவர் எழுதினார். இது நாத்திகன் தொடுத்த அம்பன்று. இறைவன் பொய்யான் என்ற நம்பிக்கையிலிருந்து பிறந்த மறுப்பு. திருமறை பொய்யாது என்றார் ஒருவர். படைப்புப் பொய்யாது என்றார் மற்றவர். இருவரும் வணங்கியது ஒரே இறைவனை.

தாயை இழந்த அச்சிறுவன் தந்தையோடு தெவன் கடற்கரையில் வளர்ந்தான். பாறைக்குழிகளில் மண்டியிட்டுத் தந்தை காட்டிய பூம்பவள உயிர்களைக் கண்டான். வீட்டில் ஓயாத செபத்தையும் கேட்டான். வளர்ந்தபின் தந்தையின் விசுவாசத்திலிருந்து விலகினான். 1907 இல், தந்தை மறைந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், தம் பெயரை மறைத்து எட்மண்ட் கோஸ் வெளியிட்ட 'தந்தையும் மகனும்' என்னும் நூலில் இக்கதை வருகிறது. கசப்பு உண்டு, அன்பும் உண்டு. உலகின் வயதை ஆறாயிரமாய்க் காக்க முனைந்த தந்தை, தம் மகனைத் தம்மோடு வைத்துக்கொள்ள இயலாமற்போனார். மகனை விலக்கியது நிலவியல்தானா, எல்லாவற்றையும் ஐயத்துக்கு இடமின்றி அறிந்துவிட்டதாய்க் கருதிய அந்த வீட்டின் இறுக்கமா என்று வினவினால், நூலைப் படித்தவர் பின்னதையே சுட்டுவர்.

ஆறாயிரம் ஆண்டுக் கணக்கே கிறித்தவரின் பழைய நம்பிக்கையென்றும், நெடுங்காலக் கணக்கு புதிய சமரசமென்றும் எண்ணுவோர் ஒரு நிகழ்ச்சியைக் கருத வேண்டும். 1925 இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பரிணாமக் கொள்கையைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. திருமறைக்காக வாதாட வந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவியபொழுது, படைப்பு நாள்கள் இருபத்து நான்கு மணி நேரத்தவை அல்ல, நெடுங்காலங்களாக இருக்கலாம் என்றே விடையிறுத்தார். ஆறு நாள் கணக்கு அந்நாட்டில் மீண்டும் பெருவலிமை பெற்றது 1961 இல், இறையியலாளர் விட்கோமும் நீர்ப்பொறியியலாளர் மோரிசும் பெருவெள்ளத்தைப் பற்றி எழுதிய நூலுக்குப் பின்னரே. இதற்கு ஐந்தாண்டு முன்புதான் கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டு எனக் கண்டிருந்தார்.

அந்த அளவை முறைக்கு அடிகோலியவருள் ஒருவர், விவிலிய ஓரத்தின் நான்கைக் கண்டு ஐயுற்ற அதே ஆர்தர் ஹோம்ஸ். மாணவப் பருவம் கடவாத அவர், 1911 இல் நோர்வே நாட்டுப் பாறையொன்றில் யுரேனியம் எவ்வளவு ஈயமாய் மாறியிருக்கிறது என்று பகுத்தாய்ந்து, அதன் வயது 37 கோடி ஆண்டு என்றார். அப்பாறை டெவோனியக் காலத்தது என அன்று கருதப்பட்டது. குரோமார்ட்டிக் கற்குழியில் ஹியூ மில்லர் உளியால் பிளந்த செம்மணற்கல்லும் அதே காலத்ததே.