கதவுக்கு இந்தப் பக்கம்

"ஃப்ளாஷ்பேக்ல ஒரு சூசைட் போட்டுக்கலாம் சார், ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும்." ஒரு பேய்ப் படத்தின் டிஸ்கஷனில் இளம் இயக்குநர் ஒருவர் சொன்னது இது. எடிட்டிங்கை நிறுத்திவிட்ட என்னை மரியாதைக்காகக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்கள். பேய்க்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு சாவு வேண்டும், இருப்பதிலேயே செலவு குறைந்த சாவு அதுதான் என்பது கணக்கு. ஒரு நடிகை, ஓர் அறை, ஒரு ராத்திரி கால்ஷீட். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அங்கே பேசவில்லை, இங்கே எழுதுகிறேன்.

பேய்ப் படம் வெட்டுகிறவனுக்குப் பயமுறுத்துவது ஒரு வேலையே இல்லை. ரூம் டோனையும் இறக்கிவிட்டு, நாலு ஃப்ரேம் தாமதித்து எஃபெக்டைத் தூக்கினால் தியேட்டர் அலறும். கஷ்டம் அந்த ஃப்ளாஷ்பேக்தான். வைடு, க்ளோஸ், டாப் ஆங்கிள், இன்சர்ட் என்று எல்லாம் எடுத்து அனுப்பியிருப்பார்கள். எடுத்ததையெல்லாம் வைத்துவிடத்தான் கை பரபரக்கும்.

என் ஆசானிடம் நான் அசிஸ்டென்டாக இருந்தபோது அப்படி ஒரு ரீல் வந்தது. மகள் அறைக்குள் இருக்கிறாள், அம்மா காபி டம்ளரோடு வந்து கதவைத் தட்டுகிறாள். உள்ளே நடந்தது அத்தனையும் எடுக்கப்பட்டிருந்தது. அவர் மூவியோலாவில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். அறைக்குள் எடுத்த ஷாட் எல்லாவற்றையும் கழற்றி ட்ரிம் பின்னில் மாட்டச் சொன்னார். "கதவு வரைக்கும் போடா. உள்ளே போகாதே. திரும்பி அவ அம்மாவைப் பாரு" என்றார்.

அம்மாவுக்கு ஒரே ஒரு ஷாட்தான் இருந்தது. தட்டியதும் கதறுகிறாள், அவ்வளவுதான். ஆசானுக்கு அது போதவில்லை. எட்ஜ் நம்பரை வைத்து, வேண்டாமென்று ஒதுக்கிய துண்டுகளையெல்லாம் தேட வைத்தார். கடைசியில் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்னால் கேமரா ஓடிவிட்ட ஒரு துண்டு கிடைத்தது. அந்த நடிகை சும்மா நிற்கிறார். டம்ளரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுகிறார், முந்தானையில் விரலைத் துடைக்கிறார். ஆசான் அதைத் தட்டும் சத்தத்துக்குப் பின்னால் வைத்தார். கதறலை வெட்டி எறிந்தார். பதில் வராத கதவின் முன்னால் ஒரு தாய் கை மாற்றிக்கொண்டு நிற்கிறாள், அடுத்த ஷாட்டில் வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. இயக்குநர் இரண்டு நாள் சண்டை போட்டார். ப்ரிவியூவில் ஒரு விநியோகஸ்தர், "பேய் எப்படிச் செத்துச்சுன்னே தெரியலியே" என்று குறைப்பட்டார். "அது தெரிஞ்சு உங்களுக்கு என்ன ஆகணும்?" என்று கேட்டார் ஆசான். அந்த வெட்டு அப்படியே தியேட்டருக்குப் போனது.

2019-இல் உலக சுகாதார நிறுவனம் சினிமாக்காரர்களுக்கென்றே ஒரு கையேடு வெளியிட்டது. அந்தச் செயலையும் அதன் முறையையும் காட்ட வேண்டாம், ஒற்றைக் காரணத்தில் அடக்க வேண்டாம், உதவி கிடைத்து மீண்டவர்களைக் காட்டுங்கள் என்கிறது. முதலாவதை என் ஆசான் ஃபிலிம் காலத்திலேயே செய்துவிட்டார். இன்றைக்கு ஸ்பாட் எடிட்டர் லேப்டாப்பிலேயே டெம்ப் மியூசிக் ஏற்றி, அந்த இன்சர்ட்டோடு சேர்த்து ட்ரெய்லருக்கே அனுப்பிவிடுகிறார்.

கதையிலும் கோளாறு இருக்கிறது. அறிவழகனின் 'ஈரம்' (2009) படத்தில் குடியிருப்பில் இறந்துகிடந்த பெண்ணின் சாவைத் தற்கொலை என்று முடித்துவிடுகிறார்கள். அக்கம்பக்கம் அவள் நடத்தையைப் பேசுகிறது. தோண்டினால் கணவன் செய்த கொலை. அந்த வம்புப்பேச்சின் கொடுமையை நேர்மையாகக் காட்டிய படம். பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கொலை என்றால்தான் விசாரணை, நியாயம் எல்லாம். நிஜமாகவே தாங்க முடியாமல் போனவளுக்கு யார் விசாரிப்பது? நல்லதங்காள் கதையைக் கூத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஞ்சமும் பசியும் அண்ணி மூளியலங்காரியின் இரக்கமின்மையும்தான் ராத்திரியில் பெரும்பங்கைத் தின்னும். நாமோ முடிவை மட்டும் வைத்துக்கொண்டு வழியை வெட்டிவிட்டோம்.

அதைவிட ஆபத்தானது பேயாகும் பெண்ணின் பழிவாங்கல். உயிரோடு இருந்தபோது அவள் சொன்னதை வீட்டில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. செத்துப் பேயாக வந்ததும் புருஷன் காலில் விழுகிறான், ஊர் நடுங்குகிறது, தியேட்டர் கைதட்டுகிறது. மனசு நொறுங்கி உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளைக்கு இது என்ன சொல்கிறது? செத்தால்தான் கேட்பார்கள் என்றுதானே? ஹாலிவுட்டிலும் சாவையே தீர்வாக்கும் கதை உண்டு. 'லைட்ஸ் அவுட்' (2016) படத்தில் மனநோயால் அவதிப்படும் தாய் தன்னை மாய்த்துக்கொண்டால்தான் பேய் ஒழியும், பிள்ளைகள் பிழைப்பார்கள். நான் இல்லாவிட்டால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள் என்பது மனச்சோர்வு ஒருவர் காதில் ஓதும் பொய். அந்தப் பொய்யையே க்ளைமாக்ஸாக்கியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வேறு மாதிரி எடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அஸ்வின் சரவணன் 2019-இல் 'கேம் ஓவர்' எடுத்தார். நாயகி சாக முயன்று பிழைத்து, சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பிழைத்ததோடு கதை முடியவில்லை. கூடவே வீட்டுப் பணிப்பெண் இருக்கிறார், திட்டுகிறார், பார்த்துக்கொள்கிறார். பயமும் குறையவில்லை, அவள் உயிர் வாழ வேண்டுமே என்பதுதான் அங்கே பயமே.

கடைசியாக எடிட்டர்களுக்கு ஒன்று. 'தற்கொலை எதற்கும் தீர்வல்ல' என்ற கார்டை, பெயர்கள் ஓடும்போது ஓரத்தில் ஒட்டுகிறீர்கள். ஜனங்கள் அதற்குள் பார்க்கிங்குக்குப் போய்விடுகிறார்கள். டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 என்ற எண்களைக் கடைசி ஷாட் முடிந்ததும் கறுப்பில் போடுங்கள், இசை வேண்டாம். ஒருவர் போனை எடுத்து எண்ணைப் பதிந்துகொள்ளும் நேரம் நிற்கட்டும். நீளம் கூடுகிறது என்று தயாரிப்பாளர் சொன்னால், அந்த நீளத்தை ஜம்ப் ஸ்கேரில் வெட்டிக் கொடுங்கள்.