நம்ம மாவட்டத்துக்கு ஒரு ட்ரிப்

எங்கள் தோட்டத்தில் ட்ரிப் என்றால் போகிற இடங்கள் எப்போதோ முடிவாகிவிட்டன. முன்னேஸ்வரம், கதிர்காமம், சீதையம்மன் கோயில், ஹக்கல பூந்தோட்டம், பிள்ளைகள் கூட வந்தால் தெஹிவளை மிருகக்காட்சிசாலை. சீசன் தொடங்கினால் சிவனொளிபாதமலை. கேகாலை மாவட்டத்தைச் சுற்றிப் பார்க்க என்று யாரும் வேன் பிடித்து நான் பார்த்ததில்லை. "பொறந்து வளந்த எடத்துல பாக்க என்னடா இருக்கு?" என்றுதான் பெரியவர்கள் கேட்பார்கள்.

ஆனால் சனி, ஞாயிறு வந்தால் கொழும்பு வேன்கள் எங்கள் ரோட்டில்தான் வரிசையாகப் போகின்றன. கித்துல்கலவில் ஆற்றில் படகு விடுகிறார்கள், பின்னவலையில் யானை பார்க்கிறார்கள், கடுகண்ணாவையில் இறங்கி மலையைப் படம் எடுக்கிறார்கள். கொழுந்துப் பையோடு ரோட்டோரம் நடக்கிற எங்கள் அம்மாக்களையும் சேர்த்து எடுக்கிறார்கள். அவர்கள் வந்து பார்க்கிற இடத்தை நாமும் ஒருநாள் போய்ப் பார்த்தால் என்ன என்று தம்பிதான் முதலில் கேட்டான்.

போன ஏப்ரல் லீவில் போனோம். நான், தம்பி, சித்தப்பாவின் இரண்டு மகள்கள், மாமா, மாமி, எங்கள் அம்மாயி. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவரின் வேன். தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கட்டிக்கொண்டோம். காலையில் கித்துல்கல, அப்படியே திரும்பி யட்டியாந்தோட்டை, கரவனெல்லை, புளத்கொஹுபிட்டிய வழியாகக் கேகாலை, பிறகு கண்டி ரோட்டில் ஏறி உத்துவன்கந்த, கடைசியாகக் கடுகண்ணாவை. அம்மாயிக்கு எழுபத்தேழு வயது. "நான் எதுக்குடி, எல்லாம் பாத்த மலதானே" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

கித்துல்கலவில் எல்லோரும் கேட்டு வருவது 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படம் எடுத்த இடத்தை. டேவிட் லீன் இயக்கிய படம். 1957-இல் வெளியாகி ஏழு ஆஸ்கார் விருதுகளை வாங்கியது. கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க்கால சயாமில். ஆனால் படத்தில் ஓடுகிற ஆறு நம்முடைய களனி கங்கை. மரத்தால் பெரிய பாலம் ஒன்றைக் கட்டி, உண்மையான ரயிலை அதன்மேல் ஓட்டி, 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாலத்தின் கொங்கிரீட் அடித்தளங்கள் இன்னும் ஆற்றோரத்தில் கிடக்கின்றன. மெயின் ரோட்டிலிருந்து காட்டுப் பாதையில் இறங்க வேண்டும். வழி காட்டிய சிங்களப் பெரியவரை நாங்கள் சியா என்று கூப்பிட்டோம். பாலம் எங்கே நின்றது, எந்தப் பக்கமிருந்து ரயில் வந்தது என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார்.

அம்மாயியால் அவ்வளவு தூரம் இறங்க முடியாது. மேலே தேத்தண்ணிக் கடையில் மாமியோடு உட்கார்ந்துவிட்டார். நாங்கள் திரும்பி வந்ததும் சித்தப்பாவின் சின்ன மகள் போனில் அந்தப் படத்தின் கதையைத் தேடிச் சத்தமாகப் படித்தாள். "சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை..." என்று வந்ததும் அம்மாயி தேத்தண்ணியைக் கீழே வைத்தார்.

"சயாம் ரயிலா? இங்க எடுத்தது சயாம் ரயில் படமா?"

எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. கடைக்குப் போனவன் சீக்கிரம் திரும்பாவிட்டால், "என்னடா, சயாமுக்கா போன?" என்று அம்மாயி கேட்பார். சும்மா ஒரு சொல் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அதன் கதையை அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில்தான் முழுதாகச் சொன்னார்.

அம்மாயியின் அப்பா துறையூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வந்தவர். அவருடைய அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார். தம்பிக்கு இலங்கையில் ரப்பர், அண்ணனுக்கு மலாயாவில் ரப்பர். ஊருக்குக் கடிதம் வரும், ஊரிலிருந்து இங்கே செய்தி வரும். சண்டைக் காலத்தில் எல்லாம் நின்றுபோனது. சண்டை முடிந்து மலாயாவிலிருந்து திரும்பிய ஊர்க்காரர்கள், "அவர சயாமுக்கு ரயில் ரோட்டு வேலைக்குக் கொண்டு போயிட்டாங்க" என்று சொன்னார்களாம். அவ்வளவுதான். அம்மாயியின் அப்பா சாகும்வரை தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்பாராம்.

கித்துல்கலவில் பாலம் வெடித்தபோது அம்மாயிக்கு ஒன்பது வயது. அவருடைய அண்ணன்மார் அந்தப் படப்பிடிப்பைப் பார்க்க நடந்தே போயிருக்கிறார்கள். "வெள்ளக்காரன் படம் புடிக்கிறான், பாலத்த ஒடைக்கிறான்னு சொன்னாங்க. என்ன பாலம், என்ன படம்னு எங்களுக்கு யாரு சொன்னா?" என்றார். இத்தனை வருஷமும் அந்த இடத்திலிருந்து சில மைல் தூரத்தில்தான் இருந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்தபிறகு தேடிப் படித்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த ரயில் பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஜப்பானியர் வேலை வாங்கிய நேச நாட்டுப் போர்க் கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000-க்கு மேல் செத்தார்கள். படம் அவர்களைப் பற்றியது. ஆனால் அந்தப் பாதையில் அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இருந்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் என்று 1,80,000 பேருக்கு மேல். கணக்கு ஆளுக்கு ஆள் மாறினாலும், அவர்களில் செத்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் அதில் பெரும் பங்கு. நல்ல சம்பளம் என்று நம்பிப் போனவர்களும் உண்டு. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு அப்படியே வண்டியில் ஏற்றியதாகத் தப்பி வந்தவர்கள் சொன்ன கதைகளும் உண்டு. காலரா, மலேரியா, பட்டினி. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத் தொழிலாளிகளுக்கு அப்படிப் பேர் எழுதிய கல் கிடையாது. மலேசியாவின் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று ஒரு நாவலே எழுதியிருக்கிறார்.

படத்துக்கு மூலமான நாவலை எழுதிய பிரெஞ்சுக்காரர் பியர் பூல், போருக்கு முன் மலாயாவின் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். தமிழ்த் தொழிலாளிகளைத் தினமும் பார்த்திருப்பார். அந்த ராத்திரியே போனில் படத்தைப் போட்டுப் பார்த்தோம். பிரிட்டிஷ் அதிகாரி இருக்கிறார், ஜப்பானியத் தளபதி இருக்கிறார், சுமை தூக்கி வழி காட்டும் சயாம் பெண்கள் சிலர்கூட இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து போன தமிழர் கதை மட்டும் இல்லை. அந்தப் படத்தை எடுத்ததோ தமிழர்கள் வேலை செய்கிற தோட்டங்களுக்கு நடுவில். இதை யார் மேலும் கோபமாகச் சொல்லவில்லை. நல்ல படம்தான், விறுவிறுப்பாகவே போனது. ஆனால் அம்மாயி பாதியிலேயே எழுந்து படுக்கப் போய்விட்டார்.

திரும்ப ட்ரிப்புக்கு வருகிறேன். யட்டியாந்தோட்டைக்கும் ஒரு காலத்தில் ரயில் வந்தது, தெரியுமா? களனிவெளி குறும்பாதையின் கிளை ஒன்று அவிசாவளையிலிருந்து இங்கே வந்து, தேயிலையும் ரப்பரும் ஏற்றிப் போனது. 1942-இல் அதை மூடினார்கள். இங்கே ரயில் நின்ற அதே வருஷம்தான் அங்கே சயாம் ரயில் வேலை தொடங்கியிருக்கிறது.

புளத்கொஹுபிட்டிய ரோடு அழகான ரோடு. ரப்பர் மலை, தேயிலை மலை, நடுவில் ஓடை. வேனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இடம் வந்ததும் டிரைவர் அண்ணன் அவராகவே பாட்டைக் குறைத்தார். 2016 மே 17-ஆம் திகதி, பல நாள் மழைக்குப் பிறகு, இந்தப் பக்கம் களுபஹன தோட்டத்தில் லயன்மேல் மண் சரிந்து ஆட்களோடு புதைந்தது. அதே நாளில் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து சிங்களக் கிராமங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். மலை சரியும்போது நாடு, தோட்டம் என்று பார்ப்பதில்லை. ஆனால் லயனில் இருப்பவருக்கு வேறு இடத்துக்குப் போக ஒரு துண்டுக் காணியும் சொந்தமாக இல்லை என்பது பெரிய வித்தியாசம். படம் எடுக்க நல்ல இடம் என்று நாம் இறங்குகிற சரிவில், மழை பெய்தால் தூங்காமல் முழித்திருக்கிற வீடுகள் இருக்கின்றன.

கேகாலையைத் தாண்டிக் கண்டி ரோட்டில் உத்துவன்கந்த வருகிறது. சரதியலின் மலை. பணக்காரனிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று ஊர் சொல்லும். போலீஸ் அவனைக் கொள்ளைக்காரன் என்று தேடியது. அவனைப் பிடிக்கப் போன இடத்தில் 1864 மார்ச் 21-ஆம் திகதி துவான் சபான் என்ற மலே கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். இன்றும் அந்த நாள்தான் இலங்கையில் பொலிஸ் வீரர் தினம். அதே வருஷம் மே மாதம் சரதியலையும் அவனுடைய முஸ்லிம் கூட்டாளி மம்மலே மரிக்காரையும் கண்டியில் தூக்கிலிட்டார்கள். இன்றைக்கு மாவனெல்லைப் பக்கம் சரதியல் பேரிலேயே ஒரு கிராமத்தை அமைத்து, அந்தக் கால வீடுகளையும் தொழில்களையும் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். தூக்கில் போட்ட அரசாங்கம் அவனுக்குக் கல் நடவில்லை. ஊர்தான் வாய்வழியாக அவனை நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும்போது வெயில் இறங்கிவிட்டது. எதிரே பத்தலேகல தெரிந்தது. வெள்ளைக்காரன் அதற்குப் பைபிள் மலை என்று பேர் வைத்தான். பார்த்தால் புத்தகம் விரித்த மாதிரியும் இருக்கிறது, ரொட்டிக் கல் மாதிரியும் இருக்கிறது என்றாள் மாமி. மேலே போனால் டோசன் கோபுரம். கொழும்பு-கண்டி ரோட்டைப் போட்ட பொறியியலாளர் கேப்டன் டோசன் 1829-இல் இறந்தார். 1832-இல் அவர் நினைவாக எழுப்பியது, உயரம் 125 அடி. அந்தக் காலத்தில் ரோட்டு வேலைக்கு ராஜகாரிய முறைப்படி சிங்களக் கிராமத்தவர்களைக் கட்டாயமாகப் பிடித்தார்கள். அவர்களுக்கும் அங்கே கோபுரம் இல்லை. 1867-இல் இதே மலையில் ரயில் ஏறியதும், கண்டிக் கோப்பி வேகமாகத் துறைமுகத்துக்குப் போக ஆரம்பித்தது. கோப்பிக்குப் பின்னால் தேயிலை. ரோடும் ரயிலும் வந்ததால்தான் இந்த மலைகளில் இத்தனை தோட்டம்.

கோபுரத்தடியில் உட்கார்ந்து மிச்ச ரொட்டியைச் சாப்பிட்டோம். டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது. சரதியலுக்குக் கதை இருக்கிறது. அம்மாயியின் பெரியப்பாவுக்கு ஒரு சொல் மட்டும் இருக்கிறது, "சயாமுக்கா போன?" அதையும் எங்களுக்கு அர்த்தம் தெரியாமலே சிரித்துச் சிரித்துத் தேய்த்திருப்போம். நமக்கு அரசாங்கம் கோபுரம் கட்டும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. ஆனால் சரதியலின் ஊர் செய்ததை நாமும் செய்யலாம், அதற்குக் காசு வேண்டாம். 2023-இல், மலையகத்துக்கு 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்கள், நாடே கொஞ்சம் திரும்பிப் பார்த்தது. அவ்வளவு பெரிதாக வேண்டாம், ஒரு வேன் போதும்.

அடுத்த லீவுக்கு உங்கள் பக்கத்திலேயே ஒருநாள் ட்ரிப் போடுங்கள். இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இடத்துக்கா பஞ்சம்? போபத் நீர்வீழ்ச்சி, சமன் தேவாலயம், பெலிஹுலோயா, குருவிட்டைக்குப் பக்கத்தில் முப்பதாயிரம் வருஷத்துக்கு முன்பே மனுஷர் இருந்த பட்டதொம்பலென குகை எல்லாம் அங்கேதான். போகும்போது இரண்டு விஷயம் மட்டும் மறக்காதீர்கள். வீட்டிலேயே வயதான ஆள் யாரோ, அவருக்கு முன் சீட்டைக் கொடுங்கள். அவர் பேச ஆரம்பித்தால் பாட்டை நிறுத்திவிட்டுப் போனில் ரெக்கோர்ட் பண்ணுங்கள். நாங்கள் இப்போது அம்மாயி சொன்னதை எழுதி வைத்திருக்கிறோம், அவருடைய பெரியப்பாவின் பெயரோடு, ஊரோடு. துறையூர்ப் பக்கம் யாராவது சொந்தம் மிச்சமிருக்கிறதா என்று மாமா விசாரித்துக்கொண்டிருக்கிறார்.