பழைய கணினிக்கு என்ன விலை?

தலைப்பைப் பார்த்துட்டு "பையன் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுட்டான்"னு நினைக்காதீங்க. நான் பிறந்தப்பவே விண்டோஸ் எக்ஸ்பி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஃப்ளாப்பியை முதல்ல பார்த்ததே 'சேவ்' பட்டன் படமாத்தான். அதனால இதுல மலரும் நினைவுகள் எதுவும் கிடையாது. பி.காம் மூணாம் வருஷம் படிக்கிற ஒருத்தன் போட்டுப் பார்த்த கணக்கு, அவ்வளவுதான்.

முதல்ல கணக்கை முடிச்சுடுவோம். 40,000 ரூபாய்க்கு ஒரு கணினி வாங்குறோம். குறைந்து செல் மதிப்பு முறையில வருஷத்துக்கு 40 சதவீதம் தேய்மானம். மூணு வருஷத்துல ஏட்டு மதிப்பு 8,640 ரூபாய். பத்து வருஷத்துல 242 ரூபாய். 25 வருஷம் கழிச்சு? வெறும் 11 பைசா! நம்பலைன்னா கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க.

இதே பாடத்துல இன்னொரு வேடிக்கையும் இருக்கு. கம்பெனிகள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணைப்படி மேசைக் கணினியோட பயன் காலம் 3 வருஷம். அதே சட்டத்தோட 128-ஆம் பிரிவு, கணக்குப் புத்தகங்களை 8 வருஷம் பத்திரமா வெச்சிருக்கச் சொல்லுது. அதாவது, எழுதின மெஷினுக்கு ஆயுசு மூணு, அது எழுதினதுக்கு ஆயுசு எட்டு. நடுவுல இருக்கிற அஞ்சு வருஷம் அதை யார் படிச்சுச் சொல்றது? கம்பெனிக்காரங்க புது மெஷினுக்கு மாத்திக்குவாங்க, பிரிண்ட் எடுத்து வெச்சுக்குவாங்க. கம்பெனி இல்லாதவங்க என்ன பண்றது?

இந்தக் கேள்வி எனக்கு எங்க சித்தப்பா கடையிலதான் வந்தது. எங்க ஊர் செண்பகனூர். மலை ஏறும்போது வெள்ளி நீர்வீழ்ச்சியைத் தாண்டினதும் வரும். சித்தப்பா கொடைக்கானல் மூஞ்சிக்கல்ல டிடிபி கடை வெச்சிருந்தார். 2000-ல வாங்கின அசெம்பிள்டு பென்டியம் த்ரீ, விண்டோஸ் 98, 15 இஞ்ச் டப்பா மானிட்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, சங்கத்து நோட்டீஸ்னு எல்லாம் அதுலதான் தயாராகும். போன வருஷம் கடையைக் காலி பண்றப்போ காயலான் கடைக்காரர் மொத்தத்துக்கும் 400 ரூபாய் சொன்னார். ஏட்டு மதிப்பு 11 பைசாங்கிறப்போ நல்ல லாபம்தானே :-)

ஆனா அந்த மெஷின்ல எங்க தாத்தா இருந்தார். 2005-ல அவர் சொல்லச் சொல்ல சித்தப்பா டைப் அடிச்சது, 61 பக்கம். எந்த ஓடை எந்த மாசம் வத்தும், உறைபனி எந்தத் தோட்டத்துல முதல்ல இறங்கும், பிளம்ஸ் மரத்துக்கு எப்போ கவாத்து பண்ணணும், குதிரையில உருளைக்கிழங்கு மூட்டை ஏத்திட்டு எந்த வழியாப் போனாங்க... எல்லாம் அதுல இருந்தது. எடுத்த ஒரே பிரிண்ட் ஈரத்துல ஒட்டிப் போச்சு. கொடைக்கானல் ஈரம் தெரிஞ்சவங்களுக்கு விளக்க வேண்டாம். தாத்தாவும் இப்போ இல்லை.

"அந்த ஃபைலை மட்டும் பென்டிரைவ்ல எடுத்துக்க வேண்டியதுதானே"ன்னு கேப்பீங்க. எடுத்தோம். லேப்டாப்ல திறந்தா ஒரு வரி கூடத் தமிழ் இல்லை. முழுக்க ஆங்கில எழுத்தும் கொம்பு முளைச்ச ஐரோப்பிய எழுத்துமா வந்து நிக்குது.

காரணம் இதுதான். யூனிகோடுல தமிழ் 1991-லேயே வந்துடுச்சு. விண்டோஸ் 2000-ல லதா எழுத்துருவோட கணினிக்குள்ளயும் வந்தது. ஆனா டிடிபி கடைகள் அதுக்குப் பிறகும் ரொம்ப வருஷம் பழைய எழுத்துருக்கள்லதான் ஓடிச்சு. ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய இடத்துல தமிழ் எழுத்தோட படத்தை உட்கார வெச்சுடறது, அதுதான் அந்த எழுத்துருக்களோட சூட்சுமம். உதாரணத்துக்கு, பாமினில 'அம்மா'ன்னு வரணும்னா எம், கே, அரைப்புள்ளி, கே, எச்னு அஞ்சு சாவி தட்டணும். ஃபைல்ல இருக்கிறதும் அந்த அஞ்சு மட்டும்தான். எழுத்துரு இல்லாத கணினிக்கு அது 'அம்மா'ன்னு தெரியவே தெரியாது. டிஸ்கி, டாப், டாம்னு பொதுத் தரங்களும் வந்தன. டாப், டாம் ரெண்டும் 1999 தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்தவை. தமிழக அரசு யூனிகோடை ஏத்துக்கிட்டது 2010-லதான். அதுவரைக்கும் ஆளாளுக்கு ஒரு எழுத்துரு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கணக்கு.

பாமினி மாதிரி பிரபலமான எழுத்துருக்களுக்கு மாற்றி மென்பொருள் இருக்கு. சித்தப்பா வெச்சிருந்தது அந்த வகை இல்லை. பிரிண்டர் சொருகுற போர்ட்ல ஒரு பூட்டு மாட்டியிருந்தாத்தான் அவரோட தமிழ் மென்பொருள் திறக்கும். இன்னைக்கு வர்ற லேப்டாப்ல அந்த போர்ட்டே கிடையாது. பழைய மெஷினைப் போலவே நடிக்கிற எமுலேட்டர்கள் நிறைய வேலைக்கு அருமையானவை. ஆனா இந்தப் பூட்டுக்கு முன்னாடி எனக்குக் கைகொடுக்கலை. ஆக, பூட்டும் அங்கே, சாவியும் அங்கே.

இதை எங்க ஊரோட ஒப்பிட்டுப் பாருங்க. செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி 1895-ல ஆரம்பிச்சது. மியூசியம்தான் எல்லாருக்கும் தெரியும். ஆனா சேசு சபையோட மதுரை மறைமாநில ஆவணக் காப்பகமும் இங்கேதான் இருக்கு. பழைய மதுரை மிஷன் சம்பந்தமான கடிதங்களும் கையெழுத்துப் படிகளும் அதுல இருக்கு. அதைப் படிக்க மொழி தெரியணும், பொறுமை வேணும், கரண்ட் வேண்டாம். மசங்கின எழுத்தைக் கூட லென்ஸ் வெச்சுப் படிச்சுடலாம். 2005-ல அடிச்ச ஃபைலுக்கு கண்ணும் லென்ஸும் பத்தாது, அதை எழுதின மெஷினே வேணும்.

இது நம்ம ஊர் ஏழ்மைன்னும் நினைக்காதீங்க. இங்கிலாந்துல 1086-ல எழுதின டூம்ஸ்டே புத்தகத்தை இன்னைக்கும் திறந்து படிக்கலாம். அதோட 900-ஆம் ஆண்டுக்காக பிபிசி 1986-ல ஒரு டிஜிட்டல் டூம்ஸ்டே தயாரிச்சது. சுமார் பத்து லட்சம் பேர் பங்கெடுத்து ஊர் ஊராத் தகவல் சேர்த்தாங்க. அதைத் தனி வகை லேசர் டிஸ்க்ல போட்டாங்க. பதினஞ்சே வருஷத்துல டிஸ்க்கைப் படிக்கிற கருவி அரிதாயிடுச்சு. 2002 வாக்குல எமுலேட்டர் எழுதிக் காப்பாத்தினாங்க. அப்பவும் டிஸ்க்ல இருந்ததை வெளியே எடுக்க ஓடுற பழைய பிளேயர் ஒண்ணு வேண்டியிருந்தது.

'ஓடுற' அப்படிங்கிற வார்த்தையைக் கவனிங்க. என் முழு வாதமும் அதுலதான் இருக்கு. கண்ணாடி அலமாரியில துணி போர்த்தி வெச்ச கணினி வெறும் டப்பா. சும்மா கிடந்தா ஹார்டு டிஸ்க் இறுகிப் போகலாம், போர்டுல இருக்கிற பழைய பேட்டரி கசிஞ்சு செம்புக் கோடுகளை அரிச்சுடும், ஈரம் மிச்சத்தைப் பார்த்துக்கும். அதோட, இயக்கத் தெரிஞ்ச கையும் மறந்துடும். சித்தப்பாவோட விரலுக்குத்தான் அந்த விசைப்பலகை தெரியும். எந்த மேனுவல்லயும் அது இல்லை.

பழசை ஓட்டிக்கிட்டே இருக்கிறதோட பலனைப் பார்க்க நான் தூரமாப் போக வேண்டாம். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல வந்தது. அங்கே 1850-ல வாங்கின ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒண்ணு இருக்கு. 1898-ல அதைச் சூரியனைப் படமெடுக்கத் தோதா மாத்தி அமைச்சாங்க. 1904-லிருந்து வானம் தெளிஞ்ச நாளெல்லாம் சூரியப் படம் சேர்த்து வந்திருக்காங்க. நூறு வருஷமா ஒரே மாதிரி எடுத்ததாலதான் அன்னைக்கு இருந்த சூரியப் புள்ளியையும் பின்னால வந்ததையும் பக்கத்துல வெச்சு ஒப்பிட முடியுது. அந்தக் கண்ணாடித் தட்டுகளை எல்லாம் ஸ்கேன் பண்ணி டிஜிட்டலும் ஆக்கியிருக்காங்க. ஆனா தட்டுகளைத் தூக்கி எறியலை. நகலும் வேணும், மூலமும் வேணும்.

அதையேதான் நாங்களும் பண்ணோம். "கரண்ட் பில்லுக்கு யார் பதில் சொல்றது, இடம் எங்கே இருக்கு"ன்னு அப்பா கேட்டது நியாயம்தான். மாசத்துக்கு ஒரு நாள், ரெண்டு மணி நேரம்தான் ஓட்டுறதுன்னு ஒப்பந்தம். மெஷின் இப்போ எங்க மாடியறையில, தரையிலிருந்து ரெண்டடி உயரத்துல இருக்கு. பேட்டரியை மாத்தியாச்சு. ஹார்டு டிஸ்க்கைக் கழட்டி அடாப்டர் போட்டு முழு நகல் எடுத்தாச்சு. சித்தப்பா ஒவ்வொரு பக்கமாத் திறந்து 'பிரிண்ட் டு ஃபைல்' கொடுக்க, நான் அதை பிடிஎஃப் ஆக்கினேன். அது கண்ணால படிக்கத்தான் உதவும், தேட முடியாது. அதனால யூனிகோடுல திருப்பி அடிச்சுக்கிட்டு வர்றேன். இன்னைக்கு 22-ஆம் பக்கம்.

எல்லாப் பழைய கணினியையும் வீட்டுல அடுக்குங்கன்னு சொல்லலை. டப்பா மானிட்டர் கண்ணாடியில ஈயம் இருக்கு. வேண்டாம்னா முறையான மின்கழிவு மையத்துக்குத்தான் போகணும். அதைக் கழட்டிப் பார்க்கிற ஆசையும் வேண்டாம், அணைச்ச பிறகும் உள்ளே ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். ஊருக்கு ஒண்ணு போதும். ஆனா அந்த ஒண்ணு ஓடணும்.

உங்க ஊர்லயும் 2000 வாக்குல ஆரம்பிச்ச டிடிபி கடை ஒண்ணு இருக்கும். ஓனருக்கு இப்போ அறுபது வயசு கிட்ட ஆகியிருக்கும். அந்த மெஷின்ல உங்க ஊர்ல யார் யார் கல்யாணம் பண்ணாங்க, யார் எந்தத் தேதியில இறந்தாங்க, எந்தச் சங்கம் எதுக்குக் கூட்டம் போட்டுச்சுங்கிறது எல்லாம் இருக்கும். காயலான் கடைக்காரர் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை போய், "அண்ணே, அதை ஒரு வாட்டி ஆன் பண்ணிக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ஓடுச்சுன்னா, முதல் வேலையா ஹார்டு டிஸ்க்கை நகல் எடுங்க. அண்ணனையும் பக்கத்துல உட்கார வெச்சுக்குங்க.