கொக்கு சாட்சி சொல்லாது

2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் இறந்தார். காவல்துறையினருடன் நேர்ந்த தொடர்பின்போது உடல்நலக் கோளாறு ஏற்பட்டு ஆண் ஒருவர் மரணம் என்ற பொருளில், நகரக் காவல்துறை தன் முதல் அறிக்கைக்குத் தலைப்பிட்டது. இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பழகியவள் என்பதால் அந்த வாக்கியத்தில் என் கண் நின்றுவிட்டது. அதில் இறந்தவர் இருக்கிறார், கொன்றவர் இல்லை. கழுத்தும் முழங்காலும் இல்லை. செயப்பாட்டு வினைகூட இல்லை. எழுவாய் தானாகவே செத்துப்போகிறது. இந்த நடை நமக்குப் புதிதல்ல. நம்மூரில் கைதானவர்கள் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்குத் திடீரென்று நெஞ்சுவலி வருகிறது.

அந்த வாக்கியத்தை உடைத்தவள் 17 வயதுப் பெண். டார்னெல்லா ஃப்ரேசியர் தன் 9 வயது உறவுக்காரச் சிறுமியைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கடைக்கு வந்திருந்தாள். தெருவில் நடந்ததைப் பார்த்ததும் சிறுமியைக் கடைக்குள் அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து செல்பேசியை உயர்த்தினாள். போலீஸ்காரர் அவளைப் பார்க்கிறார்; அவளும் கையைத் தாழ்த்தவில்லை. கிட்டத்தட்ட பத்து நிமிடம் அப்படியே நின்றாள். அன்றிரவே அந்தக் காணொளி ஃபேஸ்புக்கில் வந்தது. மறுநாள் நான்கு காவலர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். 2021 ஏப்ரலில் டெரெக் சாவின் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. தண்டனை இருபத்திரண்டரை ஆண்டு.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அன்று அந்தக் காவலர்களின் சட்டையிலும் கேமரா இருந்தது. போலீசாரைப் பொறுப்பேற்க வைக்கத்தான் அது மாட்டப்பட்டது. அதுவும் பதிவு செய்தது. ஆனால் அந்தப் பதிவை மக்கள் பார்க்க மாதங்கள் ஆயின. அரசின் கேமரா பார்த்ததை அரசுதான் எப்போது காட்டுவதென்று முடிவு செய்கிறது.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாத்தான்குளம் நடந்தது. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்று ஜூன் 19 அன்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் காலை தந்தையும் இறந்தார்கள். ஜார்ஜ் ஃப்ளாய்டோடு ஒப்பிட்டு அப்போது பலர் எழுதினார்கள். விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர், நிலையத்தின் சிசிடிவியில் பதிவுகளைச் சேமிக்கப் போதுமான இடம் இருந்தும் அவை தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததாக உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். இருவரும் தரையில் புரண்டு காயப்படுத்திக்கொண்டார்கள் என்பது முதல் தகவல் அறிக்கையின் கதை. கடைத்தெருவில் இருந்த ஒரு தனியார் கேமராவில் அப்படி எதுவும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நாட்டின் எல்லாக் காவல் நிலையங்களிலும் இருட்டிலும் தெரிகிற, ஒலியையும் பதிவு செய்கிற கேமராக்கள் வேண்டும். பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பரில், காவல் நிலையங்களில் இயங்கும் கேமராக்கள் இல்லாததை அதே நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரைக் காவலர்கள் கோயிலுக்குப் பின்புறம் வைத்து அடித்தார்கள். நிலையத்தில் கேமரா வந்தால் அடி வேறு இடத்துக்குப் போகும். அதை வெளியே கொண்டுவந்தது ஒருவர் மறைந்திருந்து செல்பேசியில் எடுத்த காணொளி.

குறுந்தொகையில் கபிலரின் தலைவி ஒருத்தி இருக்கிறாள். தன்னோடு கூடியவன் பொய் சொல்லிவிட்டால் தன்னால் என்ன செய்ய முடியும் என்று கலங்குகிறாள். அவர்கள் சேர்ந்தபோது அங்கே வேறு மனிதர் யாரும் இல்லை. ஒரு குருகு மட்டும் நின்றது, நாம் கொக்கு என்று சொல்லிக்கொள்வோமே அது. அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்தது. ஆண்டுதோறும் இந்தப் பாட்டைக் காதலின் பாட்டாகத்தான் நடத்துகிறோம். எனக்கு அது சாட்சியில்லாத பெண்ணின் பாட்டு. கொக்குக்குக் கண் இருக்கிறது. ஆனால் அதன் அக்கறை வேறு. காவல் நிலையச் சுவரில் இருக்கும் கேமராவும் அந்தக் கொக்குதான். பழந்தமிழில் சாட்சிக்குக் 'கரி' என்று பெயர். அகநானூற்றில் ஒரு பெண்ணைத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்தவனைக் கள்ளூர் அவை கரியை விசாரித்துத்தான் தண்டிக்கிறது. அவை முன் வந்து வாய்திறந்து சொன்னால்தான் பார்த்தது சாட்சியாகிறது.

சாத்தான்குளத்தில் வாய்திறந்தவர் தலைமைக் காவலர் ரேவதி. அன்றிரவு பணியில் இருந்த பெண். விடிய விடிய அடித்தார்கள் என்றும், லத்திகளிலும் மேசையிலும் இரத்தக் கறை இருக்கிறது, அழிப்பதற்குள் கைப்பற்றுங்கள் என்றும் அவர் நடுவரிடம் சொன்னார். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் பயந்து தயங்கினார். சக காவலர்கள் வெளியே நின்று இடையூறு செய்துகொண்டிருந்தார்கள். பாதுகாப்பு உண்டு என்று நடுவர் உறுதி சொன்ன பிறகு போட்டார். கேமரா அழித்ததை ஒரு பெண்ணின் நினைவு வைத்திருந்தது. சீருடை போட்டிருந்தும், அதே கூரையின் கீழ் சம்பளம் வாங்கியும் அவர் அதைச் சொன்னார்.

ஆனால் பெண்ணின் சொல் மட்டும் போதும் என்று நான் எழுதினால் மணிப்பூர் என்னை மறித்து நிற்கும். 2023 மே 4 அன்று குகி பெண்களை நிர்வாணமாக ஊர்வலம் நடத்தினார்கள். புகார் அதே மாதமே பதிவானது. போலீசே தங்களைக் கும்பலிடம் விட்டுவிட்டுப் போனதாகப் பாதிக்கப்பட்ட பெண்கள் சொன்னார்கள். ஜூலை 19 அன்று காணொளி வெளியே வந்த பிறகே முதல் கைது நடந்தது. அந்தக் காணொளியைப் பிடித்தது கும்பலில் இருந்த கை. பெண்களின் சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு, அவர்களை அவமானப்படுத்தியவர்களின் படத்துக்குக் கிடைத்தது. அதன் விலையாக அந்த உடல்கள் கோடிக்கணக்கான திரைகளில் மறுபடியும் நடக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் பொறுப்பேற்க வைக்கும் என்று பேசும்போது இந்தக் கணக்கையும் நாம்தான் எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இப்போது அந்தச் செல்பேசிகள் குடியேற்றத் துறையின் பக்கம் திரும்பியிருக்கின்றன. அந்த அதிகாரிகள் பெரும்பாலும் முகமூடி அணிந்து, பெயர் தெரியாமல் வருகிறார்கள். 2025 மார்ச் 25 மாலை மாசசூசெட்ஸில் ருமேய்சா ஓஸ்டுர்க் என்ற துருக்கிய ஆய்வு மாணவி, ரமலான் நோன்பு திறக்க நண்பர்களைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். சாதாரண உடையில் வந்தவர்கள் அவரைச் சூழ்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக் கொண்டுபோனார்கள். காசா குறித்து மற்ற மாணவர்களோடு சேர்ந்து பல்கலைக்கழக நாளிதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அருகில் இருந்த வீட்டின் கேமராவில் அது பதிவானது. ஏன் முகத்தை மறைக்கிறீர்கள் என்று தெருவிலிருந்து யாரோ கேட்கும் குரலும் அதில் இருக்கிறது. ஆறு வாரத்துக்கும் மேல் லூசியானாவில் அடைபட்டுக் கிடந்து, நீதிபதியின் உத்தரவால் மே 9 அன்று வெளியே வந்தார். அந்தப் பதிவு இல்லாமல் இருந்திருந்தால், நட்ட நடுத்தெருவில் ஒரு மாணவி எப்படிக் காணாமல் போனாள் என்று நமக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் காணொளியை என் முதுகலை வகுப்புப் பெண்கள் பார்த்திருந்தார்கள். நீங்கள் அங்கே நின்றிருந்தால் எடுத்திருப்பீர்களா என்று கேட்டேன்.

"எடுப்பேன் அம்மா. ஆனா அன்னைக்கு ராத்திரியே போனைப் புடுங்கிருவாங்க."

"யாரு, போலீஸா?"

"இல்லம்மா, எங்கப்பா."

வகுப்பு சிரித்தது. அப்புறம் ஒவ்வொருத்தியாகச் சொல்லத் தொடங்கினார்கள். ஒருத்தியின் போனை அண்ணன் தினமும் திறந்து பார்க்கிறான். ஒருத்திக்கு அது விடுதியில் மாலை ஒரு மணி நேரம்தான் கைக்கு வரும். பெண் கையில் இருக்கும் செல்பேசியை வீடு ஆபத்து என்று பார்க்கிறது, எவனோடு பேசுவாள், எந்தப் படத்தை அனுப்புவாள் என்று. அவள் எதைப் பார்க்கப்போகிறாள், எதற்குச் சாட்சியாவாள் என்பது அந்தப் பயத்தின் கணக்கில் வருவதே இல்லை. டார்னெல்லாவின் வீட்டில் அவள் போனை வாங்கி வைத்திருந்தால் அந்த அறிக்கையின் தலைப்பே வரலாறாகியிருக்கும்.

அரசுகளுக்கு இது தெரியும். அதிகாரிகள் எங்கே நிற்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தாருக்குச் சொன்ன ஐஸ்பிளாக் என்ற செயலியை, அமெரிக்க நீதித்துறை கேட்டுக்கொண்டதும் 2025 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது. அதே சமயம் குடியேற்ற அதிகாரிகள் தங்கள் செல்பேசியில், தெருவில் போகிறவரின் முகத்தைப் படம்பிடித்து ஆளை அடையாளம் காணும் செயலியை வைத்திருக்கிறார்கள். சிகாகோ மக்கள் விசிலுக்குப் போனார்கள். வண்டியைக் கண்டதும் ஊதுவார்கள். மறைய வேண்டியவர் மறைவார், மற்றவர்கள் செல்பேசியோடு வெளியே வருவார்கள். விசிலை எந்தக் கடையிலிருந்தும் நீக்க முடியாது.

2026 ஜனவரி 7 அன்று, மறுபடியும் மினியாபொலிஸில், ஃப்ளாய்ட் இறந்த இடத்திலிருந்து ஒரு மைலுக்குள், ரெனே குட் என்ற 37 வயதுப் பெண்ணை ஒரு குடியேற்ற அதிகாரி சுட்டுக் கொன்றார். அவர் ஒரு தாய், கவிதை எழுதியவர். காரை ஆயுதமாக்கினார், உள்நாட்டுப் பயங்கரவாதம் என்று அரசு அன்றே சொல்லிவிட்டது. இந்த முறை வாக்கியத்தில் எழுவாய் இருந்தது. ஆனால் குற்றவாளியாக இறந்தவளையே அங்கே நிறுத்தினார்கள். வழியில் இருந்தவர்கள் பல கோணங்களில் எடுத்திருந்த காணொளிகள் அந்தக் கதையைச் சில மணி நேரத்திலேயே கேள்விக்குள்ளாக்கின. சுட்டவரும் தன் செல்பேசியில் படம்பிடித்துக்கொண்டுதான் இருந்தார். பின்னர் மாநிலப் புலனாய்வாளர்களை விசாரணையிலிருந்து மத்திய அரசு ஒதுக்கியது. கதவு மூடப்பட்ட பிறகு, வெளியே நின்றவர்களின் கையில் இருந்தது மட்டும்தான் மக்களுக்கு மிஞ்சியது.

வகுப்பில் சிலவற்றைச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். இடையில் புகாமல் தள்ளி நில்லுங்கள். கை நடுங்கினாலும் நிறுத்தாமல் எடுங்கள். தேதியையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். உடனே நம்பிக்கையான ஒருவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடிபட்டவரின் முகத்தை அவரையோ குடும்பத்தையோ கேட்காமல் ஊருக்குக் காட்டாதீர்கள். குறிப்பாக அது பெண்ணாக இருந்தால்.

எடுத்த பிறகு வரும் நாட்களைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே என்று ஃப்ளாய்டிடம் மன்னிப்புக் கேட்டபடி பல இரவுகள் தூங்காமல் கிடந்ததாக டார்னெல்லா நீதிமன்றத்தில் சொன்னாள். 2021இல் அவளுக்குப் புலிட்சர் சிறப்பு விருது கிடைத்தது. தூக்கம் கிடைத்ததா என்று விருதுக் குழு கேட்பதில்லை. ரேவதிக்கும், திருப்புவனத்தில் படம் எடுத்தவருக்கும் பாதுகாப்புத் தேவைப்பட்டது. நம் நாட்டில் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018இலேயே ஏற்றுவிட்டது. அப்படி ஒன்று இருப்பதாக என் மாணவிகளில் ஒருத்திக்குக்கூடத் தெரியவில்லை.

தைரியமாக இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது சுலபம். பொறுப்பு முழுவதையும் அவள் கையில் இருக்கும் அந்தச் சிறு கருவியின் மேல் வைத்துவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடலாம். தெருவில் ஒருத்தி செல்பேசியை உயர்த்தினால் நாம் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்பது. நாளை விசாரணையில் அவளோடு போய், நானும் பார்த்தேன் என்று சொல்வது.