அண்ணனின் குறட்டையை அண்ணிதான் எண்ணினார்!

எங்கள் திருவொற்றியூர் பக்கம் வந்தால், எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களைப் பார்க்காமல் போக முடியாது. துறைமுகத்துக்குள் நுழைய மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அதில் ஏதோ ஒரு கேபினில் என் அண்ணனும் இருப்பான்.

வயது 36. உயரம் 168 செ.மீ., எடை 104 கிலோ. எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. அண்ணனுக்கு அது கிட்டத்தட்ட 37. உலக அளவில் 30-ஐத் தொட்டால் உடல் பருமன். நம்மவர்களுக்கு 25-லேயே கணக்கு தொடங்குகிறது. நமக்குக் கொழுப்பு வயிற்றில் சேரும், குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் வரும் என்பதுதான் காரணம். 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 40.4 சதவிகிதப் பெண்களும் 37 சதவிகித ஆண்களும் 25 பி.எம்.ஐ-யைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள்.

''நல்லா துன்னுட்டு உக்காந்தே இருந்தா பெருக்காம இன்னா பண்ணும்?'' என்பார்கள் தெருவில். அவன் உட்கார்ந்திருப்பது சோம்பேறித்தனத்தால் இல்லை, அதுதான் அவன் வேலை. ராத்திரி 11 மணிக்குத் திறந்திருப்பது பரோட்டா கடைதான். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், 'போதும்' என்று சொல்லும் ஹார்மோன் குறையும். போதாக்குறைக்கு அப்பா, அம்மா இருவருமே பருமன். மரபும் சேர்ந்துகொண்டது.

''குறட்டை விட்டா அசந்து தூங்குறான்னு அர்த்தம்'' என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணிதான் ஒருநாள் என்னைத் தனியாக அழைத்தார். ''மூச்சு நின்னு நின்னு வருது பாப்பா. எண்ணிப் பார்த்தேன், பத்து நிமிஷத்துல ஆறு தடவை.''

கழுத்திலும் நாக்கிலும் சேரும் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுப்பாதையை அடைத்துவிடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் குறைய, மூளை பதறி எழுப்பிவிடும். எழுந்தது காலையில் நினைவிருக்காது. தலைவலி இருக்கும், பகலெல்லாம் தூக்கம் சொருகும். நாளடைவில் ரத்த அழுத்தம் ஏறும், இதயமும் பாதிக்கப்படும். ஸ்லீப் அப்னியா என்கிறார்கள்.

''சிக்னல்ல நிக்கும்போது கண்ணு இருட்டுது'' என்று அண்ணனும் ஒத்துக்கொண்டான். அவன் ஓட்டுவது 40 அடி கன்டெய்னர். அதே சாலையில்தான் பிள்ளைகள் பள்ளிக்கு சைக்கிளில் போகிறார்கள். அப்படியும் பரிசோதனைக்கு வர மறுத்தான். ''ஓனருக்குத் தெரிஞ்சா வண்டி தர மாட்டாரு.'' அந்தப் பயத்தை என்னால் தப்பு சொல்ல முடியவில்லை. அண்ணி விடவில்லை. ''வண்டி போனா வேற வண்டி'' என்றார், அவ்வளவுதான்.

இரவு முழுக்க உடலில் ஒயர்களை ஒட்டிச் செய்யும் ஸ்லீப் ஸ்டடியில், மணிக்கு 42 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. 30-ஐத் தொட்டாலே தீவிரம். மூக்கில் மாட்டி, காற்றழுத்தத்தால் மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பேப் இயந்திரத்தை எழுதிக்கொடுத்தார் டாக்டர். எடையில் பத்து சதவிகிதம் குறைந்தாலே நல்ல மாற்றம் தெரியும் என்றார். 2025-ல் இந்தியாவுக்கு வந்த டிர்ஸெபடைட் ஊசியைப் பற்றி நான் கேட்டேன். எடை குறையும், ஸ்லீப் அப்னியாவுக்கும் அமெரிக்காவில் 2024-லேயே அனுமதி உண்டு. ஆனால் மாதம் ஆயிரக்கணக்கில் செலவு, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடும். அறுவை சிகிச்சையும் இருக்கிறது. அண்ணன் முதலில் நடக்கிறேன் என்றான்.

எங்கே நடப்பது? கடலோரம் பாறாங்கல், சாலையில் புழுதி. வரிசையில் நிற்கும் தன் டிரெய்லரையே சுற்றுகிறான். 25 சுற்று ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பக்கத்து வண்டிக்காரர்கள் ''கோயிலா சுத்துற?'' என்று சிரித்தார்களாம். இப்போது இரண்டு பேர் கூடவே சுற்றுகிறார்கள். பரோட்டாவுக்குப் பதில் அண்ணி கட்டித்தரும் சுண்டலும் மீன் குழம்பும். மூன்று மாதத்தில் 98 கிலோ.

வீட்டில் இயந்திரம் மாட்டித் தூங்கும் நாள்களில் பகலில் கண் சொருகுவதில்லை. வாரத்தில் மூன்று ராத்திரி கேபினில்தான் தூக்கம், அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. பேட்டரியில் ஓடும் இயந்திரம் என்ன விலை என்று அண்ணி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.